இருந்தால் சேர்க்கவும்

தென்காசி
2-8-87

சிரஞ்சீவி தம்பி தாணுமாலையனுக்கு அக்கா இராமலட்சுமி ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் என் மாமியாரும் விசுவநாதர் புண்ணியத்தில் சுகம். உன் மருமகள் வடிவு இப்போதுதான் சுகம். பெங்களூரில் நீ சுகமா, அதைவிட முக்கியமாக உன் கம்பெனி கம்ப்யூட்டர் சுகமா என்று அறிய ஆவல். அதற்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது, கண்ணாடி அறைக்குள் குளிர் மெஷின் போட்டு வைத்திருக்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம் என்று எழுதியிருந்தாய். நல்லது. கோவிலுக்குத்தான் போக மாட்டாய், அங்கேயாவது செருப்பைக் கழற்றுகிறாயே.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்த விசேஷத்தைப் பற்றி ஆடி பாதியில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. முதல் பதினோரு நாள் பிள்ளைக்கு இழுப்பு. நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதும் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பதுமாகப் போயிற்று. இரண்டாம் வாரக் கடைசியில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் மூன்று வரி வசவாக வந்தது, கிழித்துப் போட்டேன். இப்போது கோபம் ஆறிவிட்டது. ஆறின பிறகு திட்டுவது நிதானமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் திட்ட வசதியாக இருக்கிறது.

முதலிலிருந்து வருகிறேன். பங்குனியில் நான் உனக்கு எழுதியது மொத்தம் நாலே வரி. வடிவுக்கு ஏழாம் மாதம் காது குத்த நினைத்தோம், உனக்கு லீவு இல்லை. ஒன்பதாம் மாதமும் தள்ளித்தான் போகும் போலிருக்கிறது, பதினொன்றாம் மாதத்தை விடக் கூடாது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுகிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. நீ எப்போது வருவாய். இதற்கு நீ போட்ட பதில் பத்துப் பக்கம். அதில் நீ வருகிற தேதியைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. ஒரு பெரிய புரோகிராமைக் கட்ட வேண்டுமானால் சின்னச் சின்ன பேக்கேஜ்கள் வேண்டுமாம். ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு முன்னால் இன்னின்ன பேக்கேஜ் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்குமாம். அதில் சிலது கட்டாயமாம், இல்லையென்றால் மெஷின் கட்டமாட்டேன் என்று நின்றுவிடுமாம். சிலது கட்டாயமில்லையாம், இருந்தால் சேருமாம், இல்லாவிட்டால் அது இல்லாமலே கட்டி முடியுமாம். இதில் என்ன சிக்கல் என்றால், அந்த மெஷின் தானாகவே அக்கம்பக்கம் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டு விடுகிறதாம். உன் ஆபீசில் பிரிண்டருக்கான பேக்கேஜ் ஒன்று சும்மா கிடந்ததாம், அதையும் சேர்த்துக் கட்டிவிட்டதாம். மெட்ராஸில் வாங்கினவர்களிடம் அது இல்லை, அங்கே போய் உங்கள் புரோகிராம் குப்புற விழுந்ததாம். உன் மேனேஜர் உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாராம். அதனால் எது சேரலாம், எது சேரக் கூடாது என்பதை மனுஷன் சொல்லுகிறபடி அந்த மெஷின் கேட்பதற்காக நீ நாலு மாதமாக வேலை பார்க்கிறாயாம்.

நாலு மாதம்! சொதிக்குத் தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் அடுப்பே மூட்டாதே, முருங்கைக்காய் இருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு என்று நம் அம்மா எனக்கு ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு அவளுக்குக் கண்ணாடி அறையும் வேண்டியிருக்கவில்லை, மேனேஜரும் வேண்டியிருக்கவில்லை. அவள் பெற்ற பிள்ளை அதையே நாலு மாதம் யோசிக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குகிறது.

அதோடு நீ விட்டாயா? 'அக்கா, உன் விசேஷத்தையும் நான் இப்படியே கட்டித் தருகிறேன், நீ கவலையே படாதே' என்று, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட உன் ஆபீஸ் தாள் ஒன்றில் வேர் விட்ட மாதிரிக் கோடு கோடாக இழுத்து அனுப்பினாய். உச்சியில் 'வடிவு காதுகுத்து'. அதிலிருந்து ஆசாரி, ஊசி, மடி, சமையல், மேளம், உறவினர், குளியல் என்று கிளை கிளையாக இறங்குகிறது. எல்லாம் நல்ல கருப்பு மை. கீழே விளக்கம்: கருப்புப் பொட்டு என்றால் கட்டாயம், வெறும் வட்டம் என்றால் 'இருந்தால் சேர்க்கவும்'. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஓர் இடத்தில் குறி போட விட்டுப்போயிருந்தாய், அதையும் நானே என் பேனாவால் நிரப்பி, மறந்துவிடாமல் இருக்க உனக்கும் ஒரு நகல் எழுதித் தபாலில் போட்டேன். பிறகுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்தத் தாளை எதிர்வீட்டுக் குற்றாலிங்கம் அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

அண்ணாச்சியை உனக்குத் தெரியும். சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தெருவில் எந்த விசேஷமானாலும் பொறுப்பு அவர் கையில்தான். காகிதத்தில் கோடு இருந்தால் அது கோடு, நடுவில் கிணறே இருந்தாலும் அதன் மேல்தான் சங்கிலி பிடிப்பார். உன் தாளை ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் வந்து, "தாயி, ஒன் தம்பி தங்கக் கம்பி. இவ்வளவு தெளிவா ஒரு பிளான் நான் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்றார். நான் உடனே குறுக்கிட்டு, "அண்ணாச்சி, வட்டம் போட்டதெல்லாம் கட்டாயமில்ல, பாத்துச் செய்யுங்க" என்றேன். "அதெப்படி? இருந்தா சேர்க்கவும்னுல்லா எழுதியிருக்கு? 'சேர்க்கலாம்'னா யோசிக்கலாம். 'சேர்க்கவும்'னா உத்தரவு. இருக்கான்னு பாக்கணும், இருந்துட்டா விடப்படாது" என்று சொல்லிவிட்டுக் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கவனி. எங்கள் ஏற்பாடு என்ன? ஆய்க்குடி முருகன் கோவில், வீட்டுச் சனம் இருபது பேர், காலை ஏழரைக்குள் குத்தி முடித்து பத்து மணிக்குத் தென்காசியில் இலை போடுவது. பிள்ளைக்குச் சாரல் காற்று ஆகாது, நெஞ்சில் சளி கட்டும் என்பதால் அந்தக் குற்றாலத்துப் பக்கமே போகக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நீயோ தாளின் ஒரு மூலையில், வேடிக்கையாகத்தான் எழுதினாயோ என்னவோ, 'அருவிக் குளியல்' என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தாய். சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். "விழுதுல்லா! அஞ்சருவியில அஞ்சும் விழுது. வட்டம். சேத்துருவோம்!" குளியல் என்றால் துணி மாற்ற இடம் வேண்டும், ஆகவே குற்றாலத்தில் ஒரு வீடு; வீடு பிடித்தால் பாத்திரம் அங்கே போக வேண்டும், பாத்திரம் போனால் சமையல்காரர் போக வேண்டும், சமையல்காரர் போனால் சாப்பிடுகிறவர்கள் இங்கே இருந்து என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே எல்லோரும் குற்றாலத்தில். ஒரு குளியல், முருகனையே ஆய்க்குடியில் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டது. உன் அத்தானைக் கேட்டேன். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறவனிடம் முதுகைக் கொடுத்தார்கள். அவர்கள் என்றைக்குத்தான் வேறு மாதிரிப் பேசியிருக்கிறார்கள்.

அடுத்தது 'வெளியூர் உறவினர்'. அதற்கும் வட்டம். ஏலே, உனக்குப் புத்தி இருக்கிறதா? வேறு எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் அந்த வட்டத்தால் ஒரு கேடும் வந்திருக்காது. சீசனில் குற்றாலத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் என்ன ஆகும்? யார் இல்லை என்று கேட்டால்தான் சீக்கிரம் பதில் சொல்ல முடியும். அண்ணாச்சி உன் தாளைக் குடைக்கடியில் பிடித்துக்கொண்டு மெயின் அருவிக்குப் போகிற வழியில் நின்றார். தலை துவட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருத்தரையும், "நீங்க எந்த ஊரு? யாரு வகை? நம்ம குழல்வாய்மொழிக்கு நீங்க என்ன வேணும்?" என்று விசாரித்தார். குழல்வாய்மொழி என்பது என் மாமியார் பெயர் என்பதையே பாதிப்பேர் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். ஒன்பது மணிக்கு வீட்டில் எழுபது பேர், பத்து மணிக்கு எண்ண முடியவில்லை. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் உன் தாளைப் பார்த்தேன். தாள் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மேளத்துக்கும் வட்டம்தானே போட்டாய்? மாடன் என்று ஒரு தவில்காரர் தன் செட்டோடு, யாருக்கும் வாசிக்காமல் இரண்டு நாள் நிம்மதியாகக் குளிக்க வந்திருந்தார். "லீவுல வந்திருக்கோம் அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். "இருக்கீங்கல்லா? அப்ப வாங்க!" சாரலில் ஊறிப்போன தவில் சத்தமே எழும்பவில்லை; தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தோலைக் காய வைக்க நெருப்பு வேண்டும் என்றார் மாடன். உள்கூடத்தில் கரி அடுப்பு மூட்டினார்கள். நனைந்த கரி. புகை. வெளியே சாரல், ஆகவே ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. பிள்ளைக்கு முதல் இருமல் வந்தது அப்போதுதான். தவிலுக்காக அடுப்பு, அடுப்புக்காகப் புகை, புகைக்காக என் பிள்ளை நெஞ்சு. ஒரு வட்டத்துக்குப் பின்னால் எத்தனை பேர் கை கோத்துக்கொண்டு வருவார்கள் என்று உன் பத்துப் பக்கத்தில் ஒரு வரி எழுதினாயா? நான் இடுப்பில் பிள்ளையோடு அறை அறையாக ஓடினேன். எந்த அறையைத் திறந்தாலும் உள்ளே ஓர் உறவினர் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

குரங்கும் இருந்தது. அதை யாரும் சேர்க்கவில்லை, தானாகச் சேர்ந்துகொண்டது. பிள்ளை அழுதால் வாயில் போடுவதற்காக வைத்திருந்த காப்பரிசித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டு மேல் உட்கார்ந்து தின்றது. காப்பரிசிக்கு நீ கருப்புப் பொட்டு போட்டிருந்தாய். அண்ணாச்சி பென்சிலோடு கீழே நின்று, "கட்டாயமானது போயிட்டே, இப்ப என்ன செய்ய? தாள்ல ஒண்ணும் போடலியே" என்று என்னிடம் கேட்டார்.

இனித்தான் உன்னுடைய பெருமை. செல்லச்சாமி ஆசாரி ஊசியைத் துடைத்து, சந்தனத்தில் காதில் புள்ளி வைத்துவிட்டு, "மாமன்காரரு வரட்டும்" என்றார். அண்ணாச்சி தாளை நீட்டிப் பிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்: "தாய்மாமன். வட்டம். இருந்தால் சேர்க்கவும்." அதோடு முந்தின நாள் வந்த உன் தந்தியையும் எடுத்து வாசித்தார்: "வட்டம் பார்த்தேன். நான் இல்லாமலே நடத்தவும். ஆசிகள். தாணு." பிறகு பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "இல்ல. விட்டுருவோம்."

தாணு, அந்த நிமிஷம் என் மாமியார் என்னைப் பார்த்த பார்வையை உனக்குத் தபாலில் அனுப்ப வழி இல்லை. "ஏளா, காது குத்துக்கு ஊசி வேணும், காது வேணும், தாய்மாமன் வேணும். பெரிய படிப்புப் படிச்ச ஒன் தம்பி, தன்னையே இருந்தாத்தான்னு எழுதியிருக்கான் பாத்தியா?" என்றார்கள். அப்பா போய், அம்மா போய், அந்தக் கூட்டத்தில் இது என் பக்கத்து ஆள் என்று கைகாட்ட எனக்கு நீ ஒருத்தன். தவில்காரர் கட்டாயமில்லை, குளியல் கட்டாயமில்லை, நீயும் கட்டாயமில்லை, மூன்றுக்கும் ஒரே வட்டம். ஊசிக்குப் போட்டாயே கருப்புப் பொட்டு, அந்த ஊசிக்கு இருக்கிற முக்கியம் உனக்கு இல்லை என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். அதற்குத் தந்தி வேறு.

கதை அங்கே முடிந்திருந்தாலும் தேவலை. 'மடி' என்பதற்கு நீ கருப்புப் பொட்டு போட்டிருக்கிறாயே! மடி கட்டாயம், மடிக்கு உடையவன் இருந்தால் பார்க்கலாம். இந்த அறிவை எந்தக் காலேஜில் கற்றாய்? அண்ணாச்சி, "மடி கட்டாயம்! மாமன் முறையில ஒரு மடி வேணும்!" என்று கூவிக்கொண்டு வெளியே போனார். சிவகிரியிலிருந்து வந்திருந்த நல்லதம்பி அண்ணன் அகப்பட்டார். நம் அம்மாவின் சித்தி மகள் பிள்ளை, முறைக்கு அண்ணன்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மனுஷன் அரைப்படி நல்லெண்ணெயைத் தலை முதல் கால் வரை தேய்த்துக்கொண்டு, அருவிக்குப் புறப்பட்ட நிலையில் துண்டோடு நின்றிருக்கிறார். அப்படியே இழுத்துக்கொண்டு வந்து மணையில் உட்கார வைத்தார்கள். "யம்மா, நான் குளிச்சிட்டு வந்துருதேனே" என்று அவர் கெஞ்சுகிறார், யார் கேட்கிறார்கள், ஏழரை போய்ப் பன்னிரண்டு ஆகிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது. தூக்கி வைத்தால் மறுபடி வழுக்குகிறது. மூன்றாம் தடவை அவர் இறுக்கிப் பிடித்தார். பிள்ளை அவர் மீசையைப் பார்த்து வீறிட்டு, சோப்புக் கட்டி மாதிரிக் கையிலிருந்து எகிறி, நல்ல வேளை, நேராக என் மேல் வந்து விழுந்தது. அதன் காது, கழுத்து, கன்னம் எல்லாம் எண்ணெய். செல்லச்சாமி ஆசாரி ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். "தாயி, நாப்பது வருசமா குத்துதேன். வழுக்குத காதுல குத்துனதில்ல. மாமன்னு ஒருத்தன் வரட்டும், சொல்லி அனுப்புங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆக, காது குத்தவில்லை. மற்ற எல்லாம் நடந்தது. மேளம் கொட்டியது, எல்லோரும் குளித்தார்கள், மூன்று பந்தி சாப்பிட்டார்கள், அண்ணாச்சி தாளில் கடைசி வட்டம் வரை டிக் அடித்து முடித்து, "காதைத் தவிர ஒண்ணும் பாக்கி இல்ல" என்று என்னிடம் ஒப்படைத்தார். அன்று ஆரம்பித்த இழுப்பு பிள்ளைக்குப் பதினோரு நாள். மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்ததைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். உன் மெஷினுக்குத் தூசி ஆகாதாம்.

உன் திட்டத்தில் என்ன கோளாறு என்று, கணக்கில் பட்டம் வாங்கினவள் என்ற முறையில் நானே கண்டுபிடித்துவிட்டேன். கட்டாயத்துக்கு ஒரு குறி வைத்தாய், இருந்தால் என்பதற்கு ஒரு குறி வைத்தாய். 'இருந்தாலும் வேண்டாம்' என்பதற்குக் குறி எங்கே? ஊரில் ஒரு பொருள் இருப்பதாலேயே அது என் வீட்டுக்குள் வந்துவிட வேண்டுமா? நாலு மாதமாக நீ யோசிப்பது இதைத்தானே, இதுகூடத் தோன்றவில்லையா? சரி, அந்தக் குறியை நான் வைக்கிறேன். பெருக்கல் குறி. ஆவணி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஆய்க்குடியில் மறுபடி ஏற்பாடு செய்திருக்கிறோம். வடிவுக்குப் பதின்மூன்றாம் மாதம். நல்லதம்பி அண்ணன் குளித்து, துடைத்து, சட்டை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் பெருக்கல் குறியை உன் பெயருக்கு நேரே போட்டுவிட்டேன். நீ இருந்தாலும் வேண்டாம். லீவு கேட்டு உன் மேனேஜர் மனசைப் புண்படுத்தாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே. உனக்கும் உன் பேக்கேஜ்களுக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும் என்று குழல்வாய்மொழி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மாமியாரை அல்ல, கோவிலில் இருக்கிற அம்மனை.

இப்படிக்கு,
உன் அக்கா
இராமலட்சுமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரத்தில் மெஹர் பானு வந்தாள். பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவள், உனக்குத் தெரியும், இப்போது அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். இரண்டு பேருமாக உன்னைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று, அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த உன் தாளை எடுத்து நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "ஏட்டி ராமு, எல்லாம் கருப்பு மையா இருக்கு, தாய்மாமனுக்கு மட்டும் வட்டம் ஏன் நீலமா இருக்கு? இது ஒன் பேனாலா?" என்றாள். என் பேனாதான். நீ குறி போட விட்டுப்போன அந்த ஒரே இடம் அதுதான். 'லீவு பார்க்கிறேன்' என்று நீ எழுதின வாரம், "வருவானா மாட்டானா" என்று என் மாமியார் தினமும் கேட்ட வாரம், வராமல் போனாலும் வராதவன் என்று உனக்குப் பெயர் வர வேண்டாம் என்று ஒரு வட்டத்தைப் போட்டு, அதையே நகலிலும் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். மறந்தே போய்விட்டேன் என்றால் நீ நம்ப மாட்டாய். நானும் நம்பவில்லை. உன் தந்தி இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அது போதாது என்று, நீ கவரில் அப்பின பசையில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி மடிப்பு, சாரலில் ஊறிப் பசை விட்டிருக்கிறது. மெஹர் பானு நகத்தால் மெல்லப் பிரித்தாள். உள்ளே இன்னும் இரண்டு வரி. ஒன்று: 'பெருக்கல் குறி என்றால் இருந்தாலும் வேண்டாம். இதை நான் போட முடியாது அக்கா, உன் வீட்டுக்கு எது ஆகாது என்று உனக்குத்தான் தெரியும், நீயே போட்டுக்கொள்.' இரண்டு: 'குறி இல்லாதது என்றால், அது வந்து சேராமல் மற்ற எதையும் ஆரம்பிக்கவே கூடாது.' தாள் முழுக்கத் தேடிவிட்டோம். நீ குறி இல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

இவ்வளவு முக்கியமானதைக் கடைசியில் கொண்டுபோய் எழுதுகிறவனையும், பசையை அள்ளி அப்புகிறவனையும் என்ன சொல்லித் திட்டுவது? மேலே எழுதியதைத் திரும்ப எழுத நேரமில்லை, பிள்ளை முழித்துவிட்டாள். அதில் உனக்குச் சேர வேண்டியதை நீ எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளிவிடு. நகலில் உள்ள வட்டத்தை நீயே அழித்துவிடு. இங்கே உள்ளதை நான் பிளேடால் சுரண்டினேன். மையோடு தாளும் போய்விட்டது. உன் பெயருக்கு நேரே இப்போது வட்டமும் இல்லை, பெருக்கலும் இல்லை, ஓர் ஓட்டைதான் இருக்கிறது. வடிவு காதில் இன்னும் இல்லை. ஆவணி இரண்டாம் ஞாயிறு, ஆய்க்குடி, காலை ஏழரைக்குள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதே.